கண்ணாடியும் கண்ணோட்டமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. செம்பூரில் எங்கள் வீட்டின் உள்ளறையில் என் பெயர்த்தி அலுவலகப் பணியில் இருந்தாள். அவள் முன் மேசை இருந்தது. மேசைமேல் கணிப்பொறி இல்லை. நெற்றி முதல் மூக்கு வரை மறைக்கும் ஒரு கருவியை அணிந்திருந்தாள். சோதித்துப் பார்ப்பதற்கென்று அவளுடைய அலுவலகத்தார் சிலருக்கு மட்டும் அளித்த கருவி அது. வெற்றிடத்தில் விரல்களால் எதையோ கிள்ளினாள்; இழுத்தாள்; ஒரு பக்கமாகத் தள்ளினாள். வாயிலில் நின்ற நான், "காப்பி இப்போது வேண்டுமா, அம்மா?" என்று கேட்டேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள், முறுவலித்தாள். நானும் முறுவலித்தேன். அடுத்த கணம் அவள் ஆங்கிலத்தில், "சரி, மூன்றாம் பத்தியை மாற்றிவிடலாம்" என்றாள். அந்த முறுவல் எனக்கு உரியதன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

சிறு நிகழ்ச்சிதான். காப்பி சற்று ஆறிப்போனது தவிர வேறு இழப்பு ஒன்றும் இல்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் அப்போது அந்த அறையில் இருந்தாளா? உடல் அங்கே இருந்தது. கண்கள் என் திசையில்தான் இருந்தன. ஆனால் இருந்தாளா? உடனிருத்தல் என்று நாம் சொல்கிறோமே, அது எதனால் ஆவது? ஒருவர் தம் கண்ணை மற்றொருவருக்கு அளிப்பது கடமையா, கருணையா, அல்லது விருப்பமா? இக்கேள்விகளை இந்த மலரின் அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்யும் மிகைமெய்யும்

இக்கருவியை ஆங்கிலத்தில் ஆக்மென்டெட் ரியாலிட்டி ஹெட்செட் என்பர். தமிழில் மிகை மெய்ம்மை என்று பெயர்த்துள்ளனர். நம் மொழியில் மெய் என்னும் சொல்லுக்கு உண்மை என்றும் பொருள். உடல் என்றும் பொருள். உடல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உண்மையும் இருக்கும் என்ற நம்பிக்கையில் நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆண்டனர் போலும். அந்த நம்பிக்கையைத்தான் இக்கருவி அசைத்துப் பார்க்கிறது.

அது செயற்படும் முறை எளிது. சில கருவிகளில் கண்ணாடி ஊடுருவித் தெரியும். அதன்மேல் ஒளியுருவம் படியும். வேறு சிலவற்றில் வெளிப்புறக் கேமராக்கள் அறையைப் படம் பிடித்து, அதையே கண்ணுக்கு முன்னால் காட்டும். அக்காட்சியின்மேல் கணிப்பொறித் திரைகள் சுவர் அளவுக்கு விரியும். எட்டடிச் சிற்றறையில் அமர்ந்திருப்பவர் முன் மூன்று பெருந்திரைகள் நிற்கும். கூட்டம் என்றால் நியூயார்க்கில் உள்ளவரும் பெங்களூரில் உள்ளவரும் எதிர் நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல் தோன்றுவர்.

இதன் வரலாறு நாம் நினைப்பதைவிட நீண்டது. 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். மேற்கூரையிலிருந்து தொங்கிய அதன் அமைப்பைக் கண்டவர்கள், மயிரிழையில் வாள் தொங்கும் பழைய கிரேக்கக் கதையை நினைந்து, அதற்கு டேமக்ளிஸின் வாள் என்று பெயரிட்டனர். ஆக்மென்டெட் ரியாலிட்டி என்ற பெயர் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல் என்பவரால் ஏற்பட்டது. விமானத்துக்குள் செல்லும் கம்பிக்கட்டுகளை அமைக்கும் தொழிலாளி, வரைபடத்தைப் பார்ப்பதற்காகக் கண்ணைத் திருப்ப வேண்டியதில்லை. கை வைக்கும் இடத்திலேயே வழி தெரிந்தால் போதும் என்பது அன்றைய எண்ணம். செய்யும் வேலையிலிருந்து கண் விலகாதிருப்பதற்காகப் பிறந்த கருவி அது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மும்பைக்கும் இக்கதையில் இடம் உண்டு. ஊரடங்குக் காலத்தில், 2020 ஜூலை 15ஆம் நாள், ரிலையன்ஸ் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் இணைய வழியே நடைபெற்றது. அக்கூட்டத்தில் ஜியோ கிளாஸ் என்னும் கண்ணாடியை அறிமுகம் செய்தனர். அதன் எடை 75 கிராம்; ஒரு கம்பியால் கைப்பேசியோடு இணைவது. மும்பையில் தோன்றி 2019இல் ரிலையன்ஸோடு சேர்ந்த டெசராக்ட் நிறுவனத்தின் உழைப்பில் உருவானது. மேடையில் நின்றவர் அழைக்க, ஒருவர் முப்பரிமாண உருவமாகவும் மற்றொருவர் தட்டையான ஒளிப்படமாகவும் தோன்றி உரையாடிக் காட்டினர். நாடெங்கும் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்த நாளில் அக்காட்சி பலர்க்கு ஒரு வாக்குறுதி போலவே இருந்தது.

பின்னர் 2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் புரோ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை 3,499 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2.9 லட்சம் ரூபாய். எடை 600 கிராமுக்கு மேல். இத்துறையில் பிறப்பும் மிகுதி, இறப்பும் மிகுதி. 2013இல் பரபரப்பாகப் பேசப்பட்ட கூகிள் கிளாஸின் விற்பனை 2023இல் முற்றிலும் நின்றது. 2016இல் வந்த மைக்ரோசாப்ட் ஹோலோலென்ஸின் உற்பத்தி 2024இல் முடிவுற்றது. கருவிகள் வரும், போகும். அவை எழுப்பும் கேள்வி மட்டும் போகாது.

பெயர்த்தி கேட்ட கேள்வி

மறுநாள் காலை, முந்திய நாள் நிகழ்ந்ததைப் பெயர்த்தியிடம் சொன்னேன். குறைகூறும் குரல் என்னிடம் இருந்திருக்க வேண்டும். அவள் சினங்கொள்ளவில்லை; சிரித்தாள். "தாத்தா, நீங்கள் காலையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தால் பாட்டி பேசுவதெல்லாம் உங்களுக்குக் கேட்டதா? உம், உம் என்றுதானே சொல்வீர்கள்?" என்றாள்.

என் மனைவி மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த 'உம்' என்னும் ஒலியை நான் மறுக்க இயலவில்லை. நாற்பதாண்டுக் காலம் காகிதத்தால் ஆன ஒரு ஹெட்செட்டை நானும் அணிந்திருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன். செய்தித்தாள் என் முகத்தை மறைத்தது. அதில் வஞ்சகம் இல்லை. அவர் படிக்கிறார், இப்போது பேசவேண்டாம் என்று அவள் விலகியிருக்கலாம். பிழை அந்த 'உம்' என்ற ஒலியில் இருந்தது. நான் அங்கு இல்லாதபோது இருப்பதாக அவளுக்குக் காட்டியது அந்த ஒலியே. அவள் தன் மனத்தில் உள்ளதைச் சொல்லிக்கொண்டே போனாள். கேட்பவர் ஒருவரும் இல்லை. சொன்னவற்றுள் எவையெல்லாம் முக்கியமானவை என்று இன்று யாரிடம் போய்க் கேட்பேன்?

இங்கேதான் எனக்கு ஒரு வேறுபாடு தெளிவாயிற்று. இல்லாதிருத்தல் வேறு, இல்லாமையை இருப்பாகக் காட்டுதல் வேறு. முன்னது மனித வாழ்வில் தவிர்க்க முடியாதது. பின்னது ஒருவகைப் பொய்.

இல்லாதிருத்தல் குற்றமாயின், நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகளே. மாதுங்காவில் உடல், கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் உள்ளம் என்று வாழ்ந்தவன் நான். தாராவிக்கு வந்த திருநெல்வேலித் தோல் தொழிலாளரும் அவ்வாறே வாழ்ந்தனர். இன்லாண்ட் கடிதமும் மணியார்டரும் நம் மிகை மெய்ம்மைக் கருவிகள். நம் மொழியில் விலாசத்தை முகவரி என்கிறோம். அச்சொல்லில் முகம் இருக்கிறது. அஞ்சல்காரர் கொண்டுவந்த கடிதத்தில் தாய் மகனின் முகத்தைக் கண்டாள். ஆனால் அது கடிதம் என்பதை அவள் அறிவாள். மகன் வாயிலில் நிற்பதாக அவளை யாரும் நம்பச் செய்யவில்லை. தொலைவை ஒப்புக்கொண்ட அன்பு அது. ஆதலால் அதில் பொய் இல்லை.

அறையில் இருந்தும் இல்லாதவன்

உடல் அருகில் இருந்துவிட்டால் உடனிருத்தல் நிறைவுற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. என் வாழ்வே அதற்குச் சான்று.

1964இல் பம்பாய்க்கு வந்து, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர் பலரைப் போலவே, ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். மேலதிகாரிகளின் கூட்டங்களில் மூலையில் ஒரு நாற்காலி எனக்கு உண்டு. ஒருநாள் வந்திருந்த விருந்தினர் தயங்கினார். எங்கள் அதிகாரி, "தாராளமாகப் பேசுங்கள், அறையில் வேறு யாரும் இல்லை" என்றார். நான் அந்தச் சொற்களையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன். என் உடல் அங்கிருந்தது. அவர்கள் கண்ணில் நான் இல்லை. ஆகவே, எல்லாரும் ஒரே அறையில் கூடிய பழைய காலத்தில் மனிதர் மனிதரை முழுதும் கண்டனர் என்று சொல்வோர் அந்த மூலை நாற்காலியில் அமர்ந்து பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் மற்றொரு நாளும் நினைவில் நிற்கிறது. நண்பகலில் எனக்குத் தந்தி வந்தது. தாயார் இறந்துவிட்டார். மாலைக்குள் முடிக்க வேண்டிய குறிப்புகள் இருந்தமையால், தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். வேறோர் அதிகாரி சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் கை இன்று சரியாக இல்லையே, என்ன நேர்ந்தது?" என்றார். நான் வாய் திறக்கவில்லை, கண்கள் திறந்துவிட்டன. அவர் கோப்பை மூடினார். அன்றிரவே நான் ரயிலேறினேன்.

மெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. அதை நோக்க ஒரு கண் வேண்டும், அவ்வளவே. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், அமைச்சரும் அவையும் பற்றிப் பேசும் பகுதியில் வருகிறது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில், காதலர் கண்களைப் பற்றிப் பேசுகிறது. அலுவலுக்கும் அன்புக்கும் ஒரே தலைப்பு! முகத்தைக் கண்டு அகத்தை உணரும் ஆற்றல் இரண்டுக்கும் இன்றியமையாதது என்பது வள்ளுவர் வைத்த அமைப்பிலேயே தெரிகின்றதன்றோ? கண்ணோட்டம் என்று 58ஆம் அதிகாரம் ஒன்றும் உண்டு. கண் ஓடிச் சென்று பிறர்மேல் தங்குவது. அவ்வாறு தங்கியபின் இரங்காமல் இருக்க இயலாமை. பரிவுக்கு இத்துணை அழகிய பெயரை நம் மொழி தந்திருக்கிறது.

இனி விஷன் புரோ போன்ற கருவியில் நிகழ்வதைக் காண்போம். கூட்டத்துக்கு வருவது அணிந்தவரின் முகமன்று. என்றோ ஒருநாள் அக்கருவி பதிவுசெய்துகொண்ட முகம். பர்சோனா என்று அதற்குப் பெயர். இன்றைய உதடும் கண்ணும் அசைவதற்கேற்ப அதுவும் அசையும்; சிரித்தால் சிரிக்கும். வியக்கத்தக்க கலைதான். ஆனால் அந்த முகம் பதிவான நாளில் மழித்திருந்தால் இன்றும் மழித்தே இருக்கும். இரவெல்லாம் நோயாளியின் கட்டிலருகே விழித்திருந்தவரின் கலைந்த தலை கூட்டத்துக்கு வராது. அன்று என் சட்டைப்பையில் தந்தி இருந்தபோது அத்தகைய முகம் ஒன்று எனக்கு இருந்திருந்தால், அந்த அதிகாரி மாலைவரை சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. இரங்கும் வாய்ப்பையே நான் அவரிடமிருந்து பறித்தவன் ஆகியிருப்பேன்.

தமயந்தியும் திருமூலரும்

போலி உருவங்களின் நடுவே உண்மை உருவத்தைக் கண்டறியும் சிக்கல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. நளன் உருவம் தாங்கி இந்திரன் முதலிய தேவர் நால்வர் சுயம்வர மண்டபத்தில் அமர்ந்ததையும், இமையாத கண்களையும் நிலந்தோயாத கால்களையும் வாடாத மாலைகளையும் கொண்டு தமயந்தி அவர்களை வேறு பிரித்து உணர்ந்ததையும் நளன் கதை கற்றோர் அறிவர். 2021இல் மெட்டா நிறுவனம் ஹொரைசன் வொர்க்ரூம்ஸ் என்னும் கூட்ட அறையைத் தொடங்கியபோது அதில் அமர்ந்த உருவங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, காலே இல்லாதவர்கள்! தமயந்தி ஒரு நொடியில் கண்டுகொண்டிருப்பாள். ஆனால் 2022இல் அவ்வுருவங்களுக்குக் கால் தரப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இமைப்பதும் முன்பே கற்பிக்கப்பட்டுவிட்டது. அடையாளங்களை நம்பிய காலம் முடிந்துவருகிறது.

அப்படியாயின் எதை நம்புவது? மகாபாரதம் கூறும் வடிவில் ஒரு நுட்பம் உண்டு. தமயந்தி வாய்மையை முன்வைத்து வேண்டியபின், தேவர்கள் தாமாகவே தம் அடையாளங்களைக் காட்டினர் என்பது அது. வேற்றுருவம் கொண்டவர்களாயினும், உண்மையாகக் கேட்டவளை அவர்கள் ஏமாற்றவில்லை. கேட்டால் தன்னை இன்னதென்று வெளிப்படுத்த வேண்டும். இதுவே வேற்றுருவம் கொள்வோர்க்கு உரிய அறம்.

இதனினும் ஆழமானது திருமூலர் வரலாறு. எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூரில் நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறுவது. மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுகின்றன. அவ்வழியே வந்த சிவயோகியார் அவற்றின் துயர் பொறாது, தம் உடலை ஓரிடத்தே வைத்துவிட்டு மூலன் உடலிற் புகுகிறார். பசுக்கள் துயர் தீர்ந்து வீடு திரும்புகின்றன. மாலையில் மூலன் மனைவி தன் கணவனைத் தேடி வருகிறாள். எதிரே நிற்பது கணவன் உடல், கணவன் முகம். அவர் அவளைத் தொடவிடாது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று கூறிவிடுகிறார்.

இளமையில் இக்கதையைக் கேட்டபோது அவர் கல்நெஞ்சர் என்றே எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. அவர் அந்த உடலில் இருந்துகொண்டு 'உம்' என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். ஊரும் நம்பியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. பசுக்களின் துயரைத் தீர்க்க வேற்றுடல் கொள்வது பரிவு; அதே உடலைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்வில் கணவனாக நடிப்பது பொய். ஒரே செயல், ஒரே உடல். ஆயினும் எல்லைக்கோடு எங்கே என்பதை அவர் அறிந்திருந்தார். உதவி செய்வதற்காக வேற்றுருவம் கொள்ளலாம். உறவை ஏமாற்றுவதற்காகக் கொள்ளலாகாது.

சுவர் இல்லாதவர்க்குச் சுவர்

கருவியின் பக்கத்து நியாயத்தையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மும்பையில் அலுவலகம் செல்வது எளிய செயலன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நகரின் புறநகர் ரயில் பாதைகளில் இறந்தோர் 2,500க்கும் மேற்பட்டவர். வீட்டிலிருந்தே வேலை செய்யும் மகள் மாலையில் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியை எள்ளி நகையாடுவது முறையாகாது.

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு நண்பர் குடும்பம் வாழ்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர். 2020இல் தாராவி முழுவதும் தடுப்புகளுக்குள் இருந்தபோது, அக்குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்குச் சென்ற பெண் வீட்டிலிருந்தே கூட்டங்களில் கலந்துகொண்டாள். அவள் தம்பி ஒரு போர்வையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பான். அடுப்பில் தாளிக்கும் ஓசை கேட்காதபடி கூட்டம் முடியும்வரை தாய் சமைக்காமல் காத்திருப்பாள். அந்தப் பெண் பின்னொருநாள் என்னிடம், "எனக்கென்று நான்கு சுவர் வாங்க எத்தனை ஆண்டு ஆகுமோ, தாத்தா, கண்ணாடி வாங்கும் காலம் அதற்கு முன்னே வந்துவிடும்" என்றாள். சதுரஅடி விலையில் வாழ்வு அளக்கப்படும் நகரத்தில், சுவர் இல்லாதவர்க்குச் சுவராக நிற்கும் கருவியை ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று அதை வாங்க வல்லவர்க்கு அது அத்தனை தேவையில்லை. தேவையுள்ளவர்க்கு வாங்க இயலவில்லை. அது வேறொரு நீதிக்கேடு.

ஆயினும் அச்சந்துகளும் சால்களும் நமக்கு ஓர் அறத்தைக் கற்பித்திருக்கின்றன. மாதுங்காவில் ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்த நாட்களில் நாங்கள் எப்படி வாழ்ந்தோம்? ஒருவன் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்து அழுதால், மற்றவர்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். பார்க்க முடியும், பார்க்கமாட்டோம். குடும்பங்கள் வாழும் சால்களில் கதவு திறந்தே இருக்கும். ஒரு துணித்திரை தொங்கும். திரை இழுத்திருந்தால் அழைக்காமல் நுழையலாகாது என்பது எழுதாத சட்டம். நெருக்கத்தில் வாழ்ந்தவர்கள் சுவரால் அன்று, கண்ணால் ஒருவர்க்கொருவர் தனிமை தந்தனர். அவ்வாறு கண்ணைத் திருப்பிக்கொண்டதும் கண்ணோட்டமே.

அந்தப் பாராமைக்கும் என் பெயர்த்தியின் பாராமைக்கும் வேறுபாடு யாது? சன்னல் பக்கம் திரும்பியவன் திரும்பியது எல்லார்க்கும் தெரியும். அவனைத் தொட்டு அழைக்கலாம். ஹெட்செட் அணிந்தவர் என்னைப் பார்க்கிறாரா, இல்லையா என்பதே எனக்குத் தெரிவதில்லை. 2013இல் கூகிள் கிளாஸ் வந்தபோது அமெரிக்காவில் சில உணவகங்கள் அதை அணிந்து உள்ளே வரக் கூடாதென்று விதித்ததற்கும் இதுவே காரணம். எதிரில் இருப்பவர் தம்மைப் படமெடுக்கிறாரா என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் வெறுத்தது கண்ணாடியையன்று, ஐயத்தை. விஷன் புரோவைச் செய்தவர்களும் இதை உணர்ந்தே, அணிந்தவரின் கண்களைப் போன்ற உருவத்தை வெளிப்புறத் திரையில் காட்டவும், அவர் முழுதும் வேறு காட்சியில் ஆழ்ந்திருக்கும்போது அக்கண்களை மறைத்து நிறங்களைக் காட்டவும் வழிசெய்தனர். வெளியே தெரிவது வரைந்த கண்ணாயினும், 'இப்போது நான் இங்கில்லை' என்று சொல்ல முயன்ற அந்த எண்ணம் பாராட்டுக்குரியது. துணித்திரையை அவர்களும் தேடியிருக்கிறார்கள்.

கண்ணை விலைக்குக் கேட்பவர்

இன்னொரு பக்கமும் உண்டு. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகம் எங்கள் விரல்களை அளந்தது. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதே தேர்வு. எங்கள் கண்ணை அது கேட்கவில்லை. கை தட்டச்சு செய்ய, மனம் ஊரைச் சுற்றி வந்ததுண்டு. இன்றைய கருவிகள் பலவற்றின் உள்ளே கண் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கும் கேமராக்கள் உள்ளன. கண்ணாலேயே கட்டளையிடுவதற்காக அவை வைக்கப்பட்டன. கண் பார்க்கும் இடத்தைப் பிற செயலிகளுக்குத் தெரிவிப்பதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. ஆனால் ஒருவர் கட்டுப்பாட்டை நம்பி எல்லாரையும் நம்பிவிட முடியாது. கூட்டத்தில் யார் எத்தனை நிமிடம் தலைவரைப் பார்த்தார் என்று ஒரு மேலாளர் கணக்குக் கேட்கும் நாள் வாராது என்று யார் சொல்வார்?

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், தனிமை என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். அறநெறியில் ஒன்று தெளிவு. கண்ணோட்டம் அளிக்கப்படுவது, பறிக்கப்படுவதன்று. ஆணையிட்டுப் பெறும் பார்வை பரிவாகாது; அது காவல். அன்பினால் உடனிருக்க வேண்டும் என்று நான் பெயர்த்தியிடம் எதிர்பார்க்கலாம். ஊதியம் தருவதால் உன் கண் எனக்கே உரியது என்று எவரும் சொல்லலாகாது.

உடலும் தன் பங்குக்கு எல்லை வகுக்கிறது. ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழக அறிஞர்களும் பிறரும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பதினாறு பேர் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் ஹெட்செட் அணிந்தே அலுவல் செய்தனர். அது அறையை முற்றும் மறைக்கும் மெய்நிகர் வகை. பணிச்சுமையும் சலிப்பும் கண்களின் அயர்வும் மிகுந்ததாக அவர்கள் கூறினர். வேறு இருவர் முதல் நாளிலேயே தாங்கமாட்டாது விலகினர். நாள் செல்லச் செல்ல எஞ்சியோர்க்குச் சற்றுப் பழகியும் போயிற்று. பழகிப்போவது நன்மையா என்பதைத்தான் நாம் எண்ண வேண்டும். அந்த 'உம்' கூட எனக்குப் பழகிப்போனதே.

வீட்டில் ஒரு வழக்கம்

இவ்வளவும் எண்ணியபின் பெயர்த்தியும் நானும் மீண்டும் பேசினோம். கருவியை விட்டுவிடு என்று நான் கூறவில்லை. கூறும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். மாதுங்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பருத்தித்திரை ஒன்று பெட்டியில் இருந்தது. அதை உள்ளறை வாயிலில் கட்டினோம். அவள் கூட்டத்தில் இருந்தால் திரை இழுத்திருக்கும்; நான் நுழைவதில்லை; வருந்துவதும் இல்லை. திரை ஒதுங்கியிருக்கும்போது யாரேனும் வந்து பேசினால், அவள் கருவியைக் கழற்றிவிட்டே மறுமொழி சொல்வாள். கழற்ற இயலாத வேளையில், "இப்போது இயலாது, தாத்தா" என்று வாய்விட்டுச் சொல்வாள். கூட்டத்திலும், தன் உருவத்துக்குப் பின்னால் தான் சிறிது நேரம் இல்லையென்றால், இல்லை என்றே தெரிவித்துவிட்டு எழுவாள். நானும் ஒரு விதியை ஏற்றேன். செய்தித்தாள் படிக்கும்போது யாரேனும் பேசினால், 'உம்' கொட்டுவதில்லை. தாளை மடித்து வைக்கிறேன். அல்லது பிறகு சொல் என்கிறேன்.

இவ்வழக்கங்களைச் சட்டமாகச் சொல்ல நான் துணியவில்லை. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து, தொலைவோடும் நெருக்கத்தோடும் ஒருசேர வாழக் கற்றவர்கள் நாம். தொலைவில் இருந்தபோது தொலைவை ஒப்புக்கொண்டு அன்பு செலுத்தினோம். நெருக்கத்தில் இருந்தபோது கண்ணைத் திருப்பி மதிப்பளித்தோம். இவ்விரண்டையும் நம் பிள்ளைகளிடம் சொல்லிச் சென்றால், எந்தக் கண்ணாடி வந்தாலும் அவர்கள் அதை அணியும் முறையை அறிவார்கள்.

ஒருநாள் மாலை திரை ஒதுங்கியிருந்தது. காப்பியோடு உள்ளே சென்றேன். அவள் கருவியைக் கழற்றினாள். நெற்றியில் அதன் தழும்பு சிவந்து கிடந்தது, கண்கள் களைத்திருந்தன. அன்றைய நாள் நன்றாக அமையவில்லை என்பதை அவள் சொல்லாமலே அறிந்தேன். "என்ன நேர்ந்தது, அம்மா?" என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.